ஆடி மாதத்தில் விரித்த புல்

எங்கள் வட்டாரத்து முன்பள்ளியில் பிள்ளைகள் பதினொரு பேர். அவர்கள் விளையாட முற்றத்தில் இருந்தவை இரண்டு ஊஞ்சல், ஒரு சறுக்கி, ஒரு ஏறி இறங்கும் பலகை, அரைவாசி மண்ணில் புதைத்த லொறி ரயர் ஏழு. நான் எதையும் எண்ணுகிறவன். ஒரு தொழிற்சாலையின் களஞ்சியத்தில் முப்பது வருடத்துக்கு மேல் சாமான்களை எண்ணி வாங்கி எண்ணிக் கொடுத்தேன். ஓய்வு பெற்றுப் புங்குடுதீவுக்குத் திரும்பி வந்த பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. என் வீடு முன்பள்ளிக்கு நேர் எதிரே, ஒழுங்கையின் இந்தப் பக்கம். காலையில் கதிரையை வாசலில் போட்டு உட்கார்ந்தால் கேற்றுக்குள் போகும் தலைகள் தெரியும். பதினொன்றும் போய்விட்டால் மனம் அடங்கும். பத்து என்றால், யாருக்குக் காய்ச்சல் என்று கேட்டு அறியும்வரை எனக்குச் சாப்பாடு இறங்காது.

கடற்காற்று இரும்பை விட்டுவைப்பதில்லை. ஊஞ்சல் சட்டத்தின் கால்கள் நாலில் மூன்று அடியில் துருப்பிடித்து உதிர்ந்திருந்தன. சறுக்கியின் தகரம் நடுவில் வெடித்து நிமிர்ந்து நின்றது. ஒருநாள் அது ஒரு சிறுமியின் தொடையைக் கிழித்துவிட்டது. ஐந்து தையல். அடுத்த நாள் ரீச்சர் சறுக்கியைச் சுற்றிச் சிவப்புத் துணி கட்டினார். பிள்ளைகளுக்கு அந்தத் துணி புதிய விளையாட்டுச் சாமானாகிவிட்டது. அதற்கு அடியால் புகுந்து திரும்பவும் ஏறினார்கள்.

காயப்பட்ட பிள்ளை முன்பள்ளிக்குப் பக்கத்து வீட்டில் இருந்தவளின் மகள். அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். வன்னியில் பிறந்தவள். கணவன் கொழும்பில் ஒரு இரும்புக்கடையில் வேலை, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவான். பிள்ளைகள் இருவர்: மூன்றாம் வகுப்பில் ஒரு மகன், முன்பள்ளியில் இந்த மகள். அவர்கள் இருந்த வீடு அவர்களுடையது அல்ல. கனடாவில் குடியிருக்கும் ஒரு குடும்பத்தின் பூட்டிய வீடு அது. அறைகள் ஏழு. அதில் பின்பக்கத்து இரண்டில் இவர்கள் இருக்கலாம். பதிலுக்கு வீட்டைக் கூட்டி, மாலையில் விளக்கு வைத்து, கதவு யன்னல்களைக் கறையான் தின்னாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் தீவில் பாதி வீடுகளில் இப்படித்தான் விளக்கு எரிகிறது.

அந்த வீட்டுக் கிணறு உவர். என் கிணறும் உவர். ஒழுங்கையின் பதினான்கு வீட்டுக் கிணறுகளும் உவர். முன்பள்ளி வளவின் மூலையில், பூவரசுக்குக் கீழே இருந்த கிணறு மட்டும் நல்ல தண்ணீர்.

இந்தத் தீவில் எங்கே தோண்டினாலும் தண்ணீர் வரும். வாயில் வைக்கக்கூடிய தண்ணீர் வருவதுதான் அருமை. மாரி மழை சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கி, கீழே கிடக்கும் கடல்நீரின் மேல் மெல்லிய படலமாக நிற்கிறது. வாளியால் மெதுவாக அள்ளினால் மேலே உள்ளது வரும். மிசின் பூட்டி உறிஞ்சினால் மேலே உள்ளது முடிந்து கீழே உள்ளது எழும்பி வரும். இதை இங்கே யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. தெரியாதவர் இல்லை.

அதனால் அந்தக் கிணற்றுக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. ஆனி பிறந்தால் மதியத்தோடு கப்பியிலிருந்து கயிற்றைக் கழற்றிவிடுவார்கள். மறுநாள் விடியும்வரை கிணறு ஊற வேண்டும். கழற்றிய கயிறு எதிர்வீட்டில், அதாவது என் வீட்டில், ஆணியில் தொங்கும். முன்பு என் தகப்பனார் வைத்திருந்தார். அவருக்குப் பின் வீடு பூட்டிக் கிடந்த காலத்தில் யார் வைத்திருந்தார்களோ தெரியாது. நான் வந்ததும் கயிறு திரும்ப என்னிடம் வந்தது.

காலையில் முதலில் கயிறு கேட்டு வருகிறவள் பக்கத்து வீட்டுக்காரிதான்.

"நேற்று ஏழு குடம் அள்ளினீர், பிள்ளை," என்பேன். "ஆறுதானே உம்மடை கணக்கு."

"ஏழாவது குடம் உங்கடை குசினியிலை இருக்கு, ஐயா. உங்களுக்கு அள்ளினதையும் என்ரை தலையிலை எழுதினால் நான் எங்கை போய் அழுறது?"

"எனக்கு அரைக் குடம் போதும்."

"அப்ப மற்ற அரைவாசியைத் திருப்பி ஊத்தட்டோ? கயிறைத் தாங்கோ, பொடியனுக்குப் பள்ளிக்கூடம் போக நேரமாச்சு."

இப்படித்தான் எங்கள் காலைகள் போயின. அவள் அந்தக் கிணற்றை நம்பியே அங்கு இருந்தாள். அதற்கு முன் அதே தீவில் வேறொரு வட்டாரத்தில் இருந்தபோது உவர்த் தண்ணீரால் மகனின் தோல் முழுவதும் புண்ணாகிப் போனதாம். "இந்தக் கிணறு இல்லாட்டி நான் எப்பவோ தங்கச்சி வீட்டை, கிளிநொச்சிக்குப் போயிருப்பன்," என்று என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள்.

சிறுமியின் காலில் தையல் போட்டபின் ரீச்சர் சறுக்கியைப் படம் எடுத்துக் கனடாவுக்கு அனுப்பினார். அந்தப் பூட்டிய வீட்டுக்காரியின் தம்பி அங்கே வசதியாக இருப்பவர். ஊருக்கு எதையாவது செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தவர். படத்தைப் பார்த்ததும் முழு முற்றத்தையும் தானே புதிதாக்கித் தருவதாகச் சொன்னார். சிறுவயதில் தன் தாய் தண்ணீர் அள்ளிய வளவு அது என்றும், தாயின் பெயரில் செய்யப்போவதாகவும் சொன்னார். எங்களுக்குச் சந்தோஷம். பொய் சொல்லவில்லை. அந்த வாரம் முழுவதும் நானே எத்தனை ஆணி, எத்தனை சங்கிலி, எத்தனை தூண் வேண்டும் என்று வாயால் கணக்குப் போட்டுக்கொண்டு திரிந்தேன்.

முன்பள்ளிக் குழுவில் மூன்று பேர்: ரீச்சர், நான், தலைவர். தலைவர் தென்பகுதியில் ஒரு பட்டினத்தில் நாற்பது வருடம் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். பெரிய குடும்பம், நல்ல மனிதர். ஆனால் அவர் வாயில் "இல்லை" என்ற சொல் வராது. கடைவாசலில் நின்று அந்தச் சொல்லைச் சொன்னால் வியாபாரம் படுத்துவிடும் என்பது அவர்கள் வீட்டு நம்பிக்கை. பருப்பு முடிந்திருந்தால் "நாளைக்கு வருது" என்பார்கள். சீனி முடிந்திருந்தால் "சர்க்கரை நல்லதாய் வந்திருக்கு" என்பார்கள். கடையை விட்டுவந்து பதினாறு வருடமாகியும் அவர் அப்படியேதான் இருந்தார்.

கூட்டம் முன்பள்ளி அறைக்குள். பிள்ளைகளின் கதிரைகளில் மூன்று பெரியவர்கள் முழங்கால் நாடியில் முட்ட உட்கார்ந்தோம். தலைவர் கையில் போன். அதில் கனடாக்காரரின் முகம். அவர் தன் வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவின் படத்தைக் காட்டினார். பிளாஸ்ரிக் சறுக்கி இரண்டு, ஊஞ்சல் நாலு, ஒரு சின்ன வீடு. எல்லாவற்றுக்கும் கீழே பச்சைக் கம்பளம் போலப் புல்.

"பிள்ளையள் விழுந்தாலும் நோகாது," என்றார். "மலேசியன் புல் சதுரம் சதுரமாய் யாழ்ப்பாணத்திலை எடுக்கலாமாம். விசாரிச்சனான். தண்ணி காணுமோ, அண்ணை?"

"காணும், காணும்!" என்றார் தலைவர். "எங்கடை கிணறு எந்தக் கோடையிலும் வத்தாத கிணறு. அம்மாவைக் கேட்டுப் பாருங்கோ."

அது உண்மை. அந்தக் கிணறு வற்றியதே இல்லை. ஆனால் கேட்டது புல்லுக்குத் தண்ணீர் போதுமா என்று, கிணறு வற்றுமா என்று அல்ல. அது மூன்று பேருக்கும் தெரியும். ரீச்சர் என்னைப் பார்த்தார். நான் போனுக்கு முகம் தெரியும்படி குனிந்து, "தம்பி, புல்லை ஐப்பசியிலை, மழையோடை வைச்சால் தானாய் வந்திடும்," என்றேன்.

"ஐப்பசியிலை எனக்கு லீவு இல்லை, ஐயா. பிள்ளையளுக்குப் பள்ளிக்கூட லீவு ஓகஸ்டிலைதானே. கோயில் கொடியேத்தத்துக்கு வாறம், அதோடை திறப்புவிழா. அம்மாவாலை பிளேனிலை வர ஏலாது, அவ போனிலை பார்ப்பா. பச்சையாய் இருக்கவேணும்."

போனை வைத்ததும் தலைவர் என் பக்கம் திரும்பினார்.

"அண்ணை, உங்கடை ஐப்பசியையும் கார்த்திகையையும் கொஞ்சம் மடிச்சு வையுங்கோ. மனுசன் மனம் மாறினால் ஊஞ்சலும் இல்லை, சறுக்கியும் இல்லை."

"மிசின் பூட்டினால் கிணறு என்னாகும் எண்டு உமக்குத் தெரியாதோ?"

"ஒரு மாதம். ஒரே ஒரு மாதம். பேந்து கழட்டிப்போடுவம். பிள்ளையின்ரை காலிலை எத்தினை தையல் எண்டு நீங்கள்தானே ஊரெல்லாம் எண்ணிச் சொல்லித் திரிஞ்சனியள்?"

வெளிநாட்டிலிருப்பவர்கள் ஊருக்கு வருவது ஆடி, ஆவணியில். எங்கள் கோயில் திருவிழா, கல்யாணம், திறப்புவிழா எல்லாம் அந்த இரண்டு மாதத்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நடக்கின்றன. தீவின் மிக வறண்ட மாதங்களும் அவைதான். புல்லையும் அவர்களின் லீவுக்கு ஏற்றபடி முளைக்கச் சொன்னோம்.

ஆடியில் வேலை தொடங்கியது. புளியங்கூடலிலிருந்து ஒரு மேசனும் இரண்டு கூலியாட்களும் வந்தார்கள். பழைய சட்டத்தை வெட்டியபோது இரும்பு ரொட்டி போலப் பொரிந்து விழுந்தது. ரயர் ஏழும் கிளப்பப்பட்டன. ஒன்றுக்குள் கோழி முட்டையிட்டிருந்தது. ரீச்சர் அந்த ரயரை மட்டும் ஓரமாக வைக்கச் சொன்னார். புதிய தூண்களுக்குக் குழி தோண்ட இரண்டு அடிக்குள் பாறை வந்துவிட்டது. மேசன் உளியால் கொத்திக்கொத்தி இறக்கினான். சறுக்கிகள் வந்தன, மஞ்சள் ஒன்று, நீலம் ஒன்று. பிள்ளைகள் கேற்றுக் கம்பிகளுக்கிடையில் முகத்தைப் புதைத்து நின்று பார்த்தார்கள். பக்கத்து வீட்டுச் சிறுமி தன் தொடைத் தழும்பை மற்றவர்களுக்குக் காட்டி, "என்னாலைதான் இது வந்தது," என்று பெருமை பேசியதை என் காதால் கேட்டேன்.

கடைசியாகப் புல் லொறி வந்தது. பாலம் தாண்டி வரும்போதே வெயில் பட்டு ஓரங்கள் கருகியிருந்தன. ஒரு சதுரம் இரண்டு கையால் தூக்கும் அளவு. நான் கேற்றில் நின்று எண்ணினேன். நானூற்றுப் பன்னிரண்டு. அதில் முப்பத்தொன்று வந்தபோதே செத்திருந்தன. அன்று பின்னேரம் கிணற்றுக்குள் குழாய் இறங்கியது. மோட்டர் ஓடத் தொடங்கியது.

புல்லுக்குக் காலையும் மாலையும் தண்ணீர் விடவேண்டும் என்று லொறிக்காரன் சொல்லிவிட்டுப் போனான். மோட்டர் ஓடும்போது என் வீட்டுச் சுவரில் கைவைத்தால் அதிர்வது தெரியும். நான் வழக்கம்போல மதியத்தில் கயிற்றைக் கழற்றிக்கொண்டு வந்து ஆணியில் மாட்டினேன். ஆணியில் கயிறு தொங்கிக்கொண்டிருக்க, எதிரே கிணறு இறைபட்டுக்கொண்டிருந்தது.

ஒரு கிழமைக்குள் அவள் வெறும் வாளியோடு வந்து நின்றாள்.

"ஐயா, வாளி கல்லிலை முட்டுது."

"ஊறும், பிள்ளை. கொஞ்சம் பொறும்."

"ஊறின உடனை இழுத்துப்போடுறாங்கள். நான் எப்ப அள்ளுறது?"

தலைவரிடம் போனேன். அவர் ஹோஸ் குழாயைப் பிடித்துக்கொண்டு தானே புல்லுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். முகத்தில் ஒரு குழந்தைக் களிப்பு.

"பாருங்கோ, அண்ணை! துளிர்க்குது!"

உண்மையில் துளிர்த்தது. நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். அவர் குழாயைத் தாழ்த்தாமலே, "அவவுக்கு வேணுமெண்டால் ஹோஸிலை குடத்தைப் பிடிக்கச் சொல்லுங்கோ. அள்ளுற வேலையும் மிச்சம்," என்றார்.

"கிணறு மாறப்போகுது."

"மாறாது, அண்ணை. நீங்கள் கண்ணாலை கண்டதோ?"

அதற்கு அடுத்த கிழமை அவள் வீட்டில் பருப்பு வேகவில்லை. முதல் நாள் பருப்பைத் திட்டினாள். இரண்டாம் நாள் அடுப்பைத் திட்டினாள். மூன்றாம் நாள் ஒரு கோப்பையில் தண்ணீரைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். நான் குடித்தேன். உப்பு என்று சொல்ல முடியாது. நாக்கின் பின்பக்கத்தில், விழுங்கிய பிறகு, ஏதோ ஒன்று நின்றது.

"சொல்லுங்கோ, ஐயா."

"தொடங்கிட்டுது."

அவள் கோப்பையை எடுத்து மிச்சத் தண்ணீரை வேப்பங்கன்றுக்கு ஊற்றினாள். "நீங்கள் அந்தக் கனடா ஐயாவோடை கதைக்க மாட்டியளோ?" என்றாள். "நான் கதைக்க ஏலாது. அவையின்ரை வீட்டிலை இருந்துகொண்டு அவையின்ரை புல்லுக்குத் தண்ணி விடாதேங்கோ எண்டு எப்பிடிச் சொல்லுறது? அடுத்த மாதம் வேறை ஆரையாவது கொண்டுவந்து இருத்துவினம்."

போன் அடித்துப் பார்த்தேன். அவர் எடுக்கவில்லை. பயணத்துக்கு மூட்டை கட்டும் நேரம் என்று தலைவர் சொன்னார்.

திறப்புவிழாவுக்கு இரண்டு நாள் முன்பு கனடாக்காரரே என் வீட்டுக்கு வந்தார். பணிவான மனிதர். செருப்பை வாசலில் கழற்றி, "ஐயா, உங்களைப் பற்றி அம்மா சொல்லுவா," என்று கைகூப்பினார். நான் தேநீர் போட்டேன். வேண்டுமென்றுதான் போட்டேன். அந்தக் கிணற்றுத் தண்ணீரில் பால்மா சற்றுத் திரிந்து மிதந்தது. அவர் கோப்பையைத் தொடாமல் கைப்பையிலிருந்து போத்தல் தண்ணீரை எடுத்தார்.

"குறை நினைக்காதேங்கோ. டொக்டர் இஞ்சத்தைத் தண்ணி குடிக்க வேண்டாம் எண்டவர்."

அதனால் அவர் நாக்கில் அது படவே இல்லை. வாயால் சொன்னேன். கிணற்றின் கதையை, கயிற்றின் ஒழுங்கை, பக்கத்து வீட்டுப் பருப்பை, எல்லாவற்றையும். அவர் முகம் மாறியது.

"நான் கேட்டனான்தானே, ஐயா? தண்ணி காணுமோ எண்டு முதல் நாளே கேட்டனான். காணும் எண்டவையே! நான் அங்கை இருந்துகொண்டு எப்பிடி அறியிறது?"

"அது சரி, தம்பி. இப்ப நிப்பாட்டும்."

அவர் வாசலால் பார்த்தார். ஒழுங்கைக்கு அப்பால் புல் பச்சையாக இருந்தது. அந்தக் கோடையில் தீவிலேயே அவ்வளவு பச்சை வேறெங்கும் இல்லை.

"இன்னும் இரண்டு நாள்," என்றார். "அம்மா ஒருக்காப் பார்க்கட்டும். அவவுக்கு எண்பத்தெட்டு. அடுத்த நாளே மோட்டரைக் கழட்டுவிக்கிறன். என்ரை வாக்கு."

வாக்கை அவர் காப்பாற்றினார். அதையும் சொல்ல வேண்டும்.

திறப்புவிழாவுக்கு நூற்றி நாற்பது பேரளவில் வந்தார்கள். அதில் எங்கள் வட்டாரத்தில் நிரந்தரமாக இருப்பவர்கள் முப்பத்தெட்டு. மிச்சம் லீவில் வந்தவர்கள். நாதஸ்வரம், ரிபன், குத்துவிளக்கு. பிள்ளைகள் பதினொரு பேரும் ஒரே நிறச் சட்டையில். ரிபன் வெட்டியதும் இரண்டு சறுக்கியிலும் வரிசையாக ஏறிச் சறுக்கினார்கள். விழுந்தவர்கள் புல்லில் விழுந்தார்கள். நோகவில்லை. அவர் சொன்னபடியே.

கனடாக்காரர் போனை உயர்த்திப் பிடித்துத் தாய்க்கு எல்லாவற்றையும் காட்டினார். அங்கே விடியாத நேரம். கட்டிலில் தலையணை சாய்த்து உட்கார்ந்திருந்த அந்த அம்மா ஊஞ்சலைப் பார்த்து, "வடிவு," என்றார். சறுக்கியைப் பார்த்து, "வடிவு," என்றார். பிறகு, "அதெல்லாம் சரியடா, கிணத்தைக் காட்டு," என்றார்.

எல்லோரும் கிணற்றடிக்குப் போனோம். கட்டுக்குப் புதிதாக வெள்ளை அடித்திருந்தார்கள். மோட்டருக்கு மேல் ஒரு சாக்கு போட்டு மூடியிருந்தது.

"கப்பி இருக்கே! கயிறு எங்கை?"

தலைவர் என்னைப் பார்த்தார். நான் வீட்டுக்குப் போய்க் கயிற்றை எடுத்து வந்தேன். கப்பியில் பூட்டினோம்.

"தண்ணி இப்பவும் அப்பிடியோ?" என்றது போனிலிருந்து வந்த குரல். "நான் கலியாணம் முடிச்சுப் போகேக்கை ஒரு செம்பு குடிச்சிட்டுத்தான் போனனான். இளநீர் மாதிரி."

"அப்பிடியே இருக்கு, அம்மா!" என்றார் தலைவர். "அதே தண்ணி!"

"ஆராவது ஒருக்காக் குடிச்சுக் காட்டுங்கோவன். பார்க்க ஆசையாயிருக்கு."

கனடாக்காரரின் கையில் அவருடைய போத்தல் தண்ணீர் இருந்தது. தலைவரின் கண் கூட்டத்துக்குள் போய், பக்கத்து வீட்டுக்காரி மேல் நின்றது. நல்ல சேலை உடுத்து, மகனின் கையைப் பிடித்துக்கொண்டு பின்வரிசையில் நின்றாள்.

"இந்தப் பிள்ளைதான், அம்மா, உங்கடை மகளின்ரை வீட்டைப் பார்க்கிறவ. இஞ்சை வாரும், பிள்ளை. நீர்தானே தினமும் இதிலை அள்ளுறனீர்?"

அவள் முன்னால் வந்தாள். யாரோ வாளியை இறக்கினார்கள். கல்லில் அது முட்டும் சத்தம் எனக்குக் கேட்டது. செம்பில் ஊற்றிக் கொடுத்தார்கள். அவள் என்னைப் பார்க்கவில்லை. செம்பை உயர்த்தி, வாயில் படாமல், அண்ணாந்து குடித்தாள். ஒரு மிடறு குடித்துவிட்டு நிறுத்தியிருக்கலாம். முழுச் செம்பையும் குடித்தாள். புறங்கையால் வாயைத் துடைத்தாள்.

"எப்பிடி, பிள்ளை?"

"நல்லாயிருக்கு, அம்மா," என்றாள். "இளநீர் மாதிரி."

கூட்டம் கைதட்டியது. போனுக்குள் அந்த அம்மா அழுதுகொண்டு சிரித்தார்.

மறுநாள் மோட்டரைக் கழற்றினார்கள். மூன்றாம் நாள் கனடாக்காரர் குடும்பத்தோடு புறப்பட்டார். போகும்போது அவளை அழைத்து, வீட்டைச் சுத்தமாக வைத்திருப்பதாகத் தமக்கை சந்தோஷப்பட்டதாகச் சொன்னார். அவள் தலையாட்டினாள்.

அதன்பின் கிணறு ஊற வேண்டும் என்று காத்திருந்தோம். புரட்டாதியில் தினமும் காலையில் ஒரு மிடறு குடித்துப் பார்த்தேன். குறையவில்லை. கூடிக்கொண்டு போனது. புல் முதலில் மஞ்சளாகி, பிறகு சாம்பலாகி, சதுரங்களின் ஓரம் சுருண்டு எழும்பியது. மண்ணில் வெள்ளைப் பூப்போல உப்புப் படிந்தது. ரீச்சர் முன்பள்ளிக் கேத்தலில் தண்ணீர் கொதிக்கவைப்பதை நிறுத்திவிட்டு, பிள்ளைகளை வீட்டிலிருந்து போத்தல் கொண்டுவரச் சொன்னார். வீட்டில் மட்டும் என்ன இருந்தது? பிரதேச சபையின் தண்ணீர்ப் பவுசர் லொறி கிழமைக்கு இரண்டு முறை சந்திவரை வரும். ஒழுங்கைக்குள் திரும்ப இடமில்லை. அவள் குடங்களைச் சைக்கிளில் கட்டித் தள்ளிக்கொண்டு வருவாள். நயினாதீவுக்குப் போகும் யாத்திரீகர் பஸ்கள் அவளை விலத்திக்கொண்டு குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் பறக்கும்.

"மழை பெய்தால் சரிவரும், பிள்ளை," என்றேன்.

"எத்தினை மழை வேணும், ஐயா? எண்ணிச் சொல்லுங்கோவன், நீங்கள்தானே எண்ணுறனீங்கள்."

அதில் பகிடி பாதிதான் இருந்தது.

ஐப்பசி மழை பிந்தியது. கார்த்திகையில் நன்றாகப் பெய்தது. கிணற்றுக் கட்டில் நின்று எட்டிப் பார்த்தால் கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர். தலைவர் குடையோடு ஓடிவந்து, "பார்த்தியளோ, அண்ணை!" என்றார். அவளும் வந்தாள். நான் கயிற்றைப் பூட்டி நானே அள்ளினேன். அவள் கையில் ஏந்திக் குடித்தாள். துப்பவில்லை. வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு விழுங்கினாள்.

"உவர்," என்றாள்.

"முந்தினதைவிடக் குறைவுதானே?" என்றார் தலைவர்.

"ஓம். குறைவு. இது மாரி. பங்குனியிலை எப்பிடியிருக்கும்?"

தலைவர் குடையைச் சரித்துப் பிடித்துக்கொண்டு திரும்பவும் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார். இப்போதாவது அவர் "இல்லை" என்று ஏதாவது சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அவள் மகனின் முழங்கை மடிப்பில் புண் திரும்ப வந்திருந்தது. மார்கழி லீவு தொடங்கிய கிழமையில் அவள் ஒரு சின்ன லொறி பிடித்தாள். ஒரு கட்டில், ஒரு மேசை, சாக்குகள் நாலு, குடங்கள் ஆறு. வீட்டுப் பூட்டின் திறப்பை என்னிடம் தந்து, "தலைவரிட்டைக் குடுத்துவிடுங்கோ," என்றாள். சிறுமி லொறியில் ஏற மறுத்து, நீலச் சறுக்கியில் இன்னும் ஒருமுறை, இன்னும் ஒருமுறை என்று கேட்டாள். மூன்றுமுறை விட்டார்கள்.

"போட்டு வாறன், ஐயா. அரைக் குடம் காணுமெண்டனியள், அதையாவது ஆரிட்டையும் அள்ளுவியுங்கோ."

தை பிறந்து முன்பள்ளி தொடங்கியபோது ஒரு பிள்ளை முதலாம் வகுப்புக்குப் போயிருந்தது. இன்னும் இரண்டு குடும்பங்கள் வேலணைப் பக்கம் போய்விட்டன. புதிதாகச் சேர்ந்தது ஒருவர். எண்ணினேன். எட்டு.

மாசியில் தலைவர் ஒரு வெறும் போத்தலோடு வந்தார். ஊரிலிருந்து ஒருவர் கனடா போகிறாராம். அந்த அம்மா கிணற்றுத் தண்ணீர் ஒரு போத்தல் கேட்டு விட்டாராம். வாயில் ஒரு சொட்டாவது பட வேண்டுமாம்.

"கடைத் தண்ணியை விட்டுக் குடுப்பம், அண்ணை," என்றார் தலைவர், என் முகத்தைப் பாராமல். "கிழவிக்கு என்ன தெரியப்போகுது?"

நான் போத்தலை வாங்கினேன். கயிற்றை எடுத்துக்கொண்டு ஒழுங்கையைக் கடந்தேன். அவர் பின்னாலே வந்து கேற்றில் நின்றார், உள்ளே வரவில்லை. ஒரு வாளி அள்ளிப் போத்தலை நிரப்பி, மூடியை இறுக்கி, துடைத்து அவர் கையில் கொடுத்தேன். அவர் அதை வெயிலில் பிடித்துப் பார்த்தார். தெளிந்த தண்ணீர். பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஊற்றிவிடுவார் என்று நினைத்தேன். அப்படியே கொண்டுபோனார்.

பங்குனியில் கனடாவிலிருந்து அந்த அம்மாவின் மகன் எனக்குப் போன் எடுத்தார்.

"தண்ணி வந்தது, ஐயா. அம்மாவுக்குக் கரண்டியாலை பருக்கினம். ரெண்டு கரண்டி குடிச்சிட்டு அழத் தொடங்கினவ. தன்ரை நாக்குச் செத்துப்போச்சாம். கிணத்துத் தண்ணியே உப்பாய்த் தெரியுதாம். இனித் தனக்கு நாள் இல்லை எண்டு சாப்பிடவும் மாட்டனெண்டுறா. அந்தப் பிள்ளை குடிச்சுக் காட்டினதைச் சொல்லிச் சொல்லி அழுறா. அவளுக்கு இளநீர், எனக்கு மட்டும் உப்பு எண்டு."

"தம்பி," என்றேன், "அம்மாவின்ரை நாக்கு நல்லாய்த்தான் இருக்கு எண்டு சொல்லும்."

"எப்பிடிச் சொல்லுறது, ஐயா?"

அவர் லைனிலேயே இருந்தார். நானும் வைக்கவில்லை. ஒழுங்கைக்கு அப்பால் ரீச்சர் பிள்ளைகளை வெளியே விட்டிருந்தார். புல் இருந்த இடம் வெறும் மண், வெள்ளைத் திட்டுகள். பிள்ளைகள் நீலச் சறுக்கியில் ஏறினார்கள். போனைக் காதில் வைத்தபடி எண்ணிக்கொண்டிருந்தேன். ஏழுதான் வந்தது. இன்னுமொருமுறை எண்ணினேன்.